கொஞ்சம் கலங்கல்

கீலுங் துறைமுகத்தில் மழை பெய்த நாளை
யாரும் குறித்துவைப்பதில்லை.
மழை நின்ற ஒரு வியாழக்கிழமை,
கொள்கலன்களின் எடையைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பிய
லியாவ் சின்-ரூ
சந்தையில் அரைக் கிலோ மட்டி வாங்கினாள்.
சூப்புக்கு என்று நினைத்து
கடைக்காரர் இரண்டு துண்டு இஞ்சியும் போட்டார், சும்மா.
அவள் திருத்தவில்லை.

ஐந்தாம் மாடி. மின்தூக்கி கிடையாது.
சன்னலோரத் தொட்டி மூன்று வாரமாகப்
பாசிப் பச்சை.
மீன்கள் எங்கே என்று கேட்டால்
"இருக்கின்றன, நம்பணும்" என்பாள்.
வடிகட்டும் மோட்டார் இரவெல்லாம் உறுமுகிறதென்று
கீழ்வீட்டு ஃபாங் மூன்று முறை படியேறி வந்தபின்
அதைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

பன்னிரண்டை எண்ணி மணலில் வைத்தாள்.
மிச்சம் இஞ்சியோடு வெந்தது.
எது தொட்டிக்கு, எது சட்டிக்கு
என்று தீர்மானித்தவை விரல்கள்தாம்;
பெரிய காரணம் ஒன்றுமில்லை.

மட்டி என்றால் மூடன் என்றும் சொல்வதுண்டு.
கண்ணில்லை, முகமில்லை.
ஓட்டின் விளிம்பில் இரண்டு சிறு துளைகள்:
ஒன்றில் கலங்கல் உள்ளே போகும்,
மற்றதில் தண்ணீர் வெளியே வரும்.
நடுவில் நடப்பது அதன் சொந்த விஷயம்.

மூன்றாம் நாள் பின்சுவர் தெரிந்தது.
ஐந்தாம் நாள் மீன்கள். ஏழு.
எட்டு என்று நினைத்திருந்தாள்.
பத்தாம் நாள் தண்ணீரே இல்லாததுபோல
மீன்கள் காற்றில் தொங்கின.
ஃபாங் நான்காம் முறை படியேறி வந்து
புகார் ஏதுமின்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பதினாறாம் நாள் நாற்றம்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது
இதைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ.
மணலுக்குள் ஒன்று வாய் பிளந்து கிடந்தது,
உள்ளே வெள்ளையாய் ஏதோ கரைந்துகொண்டிருந்தது.
இருந்தபோதும் அசையவில்லை
செத்தபோதும் அசையவில்லை
எந்த நாளென்று எதை வைத்துச் சொல்வது?
இரண்டு மீன்கள் மேலே வந்து
காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன.

பாதித் தண்ணீரை வாளியில் இறக்கிவிட்டு
முழங்கை வரை கைவிட்டுத் துழாவினாள்.
உயிரோடு பத்து. செத்தது ஒன்று.
எடைச் சீட்டில் ஒரு எண் பிசகினால்
லாரி வரிசையையே நிறுத்திவைப்பவள்
நள்ளிரவில் மணலைச் சல்லடையில் சலித்தாள்
பன்னிரண்டாவதற்காக.
செடியின் வேருக்கடியில், அரைவாய் திறந்து.
நகத்தால் தட்டினாள்.
மெல்ல, ரொம்ப மெல்ல, மூடிக்கொண்டது.
முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதற்காக
அவள் சந்தோஷப்பட்டது அதுவே முதல் முறை.

உள்ளங்கையில் வைத்தபோதுதான் உறைத்தது:
கனமில்லை.
அந்தக் கைக்கு எடை தெரியும்.
நோயில்லை, பட்டினி.
தின்னத் தின்னத் தண்ணீர் தெளிந்தது
தெளியத் தெளியத் தட்டு காலியானது.
வேலையைச் சுத்தமாய் முடித்ததற்குக்
கூலி அது.

இறக்கிய தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை.
வாளி இப்போது பால்கனியில்.
வெயில் அந்த ஊரில் கேட்டுக் கிடைப்பதில்லை;
இரண்டு மழைக்கு நடுவே திருடவேண்டும்.
வேலைக்குப் போகுமுன் கிழக்கு மூலைக்கு இழுப்பாள்,
வந்ததும் விரலை விட்டு நிறம் பார்ப்பாள்.
பச்சை போகாதா என்று காத்திருந்தவள்
பச்சை பிடிக்காதா என்று நிற்கிறாள்.
ஒருநாள் விட்டு ஒருநாள்
ஒரு குவளை, தெளிந்த தொட்டியில்.

"அழுக்குப் போக மட்டி வாங்கினாய்,
மட்டிக்காக அழுக்கு வளர்க்கிறாயா?"
ஐந்தாம் முறை வந்த ஃபாங்குக்கு மூச்சு வாங்கியது.
அவள் விரலை உயர்த்தி, இருங்கள், என்றாள்.

கலங்கல் புகைபோல இறங்குகிறது.
மணலில் இங்கொன்று அங்கொன்றாய்
துளைகள் திறக்கின்றன.
ஏழு. எட்டு.
அடுப்பில் நூடுல்ஸுக்கு வைத்த தண்ணீர்
கொதித்து மூடியைத் தட்டுகிறது.
ஒன்பது.
ஃபாங்கும் குனிந்துவிட்டார்,
"அதோ, அந்தக் கல்லுக்குப் பின்னால்."